காலுக்குக் கட்டின பலகையும் கம்பியில் தொங்கின கதிரையும்

ஹம்பேர்க்கின் சிற்றி நோர்ட் பகுதியில் 1960களின் கடைசியில் ஒரு மின்சார நிறுவனத்துக்காகக் கட்டின கண்ணாடிக் கட்டிடம் ஒண்டு இருக்கு. வடிவமைச்சவர் டென்மார்க்கின் ஆர்னே யாக்கோப்சன். பெயர் தெரியாட்டிலும் அவற்றை கதிரையைப் பாத்திருப்பீங்கள்: இடுப்பு ஒடுங்கின பிளைவூட் முதுகு, மெல்லிய இரும்புக் கால்கள். 1955இல் வந்தது, இன்னும் விக்குது.

அந்தக் கதிரைகளை உடைச்ச சிற்பி ஒருவர் பிறகு இதே ஊருக்குப் பேராசிரியராக வந்ததுதான் வேடிக்கை. மார்ட்டின் பொய்ஸ், 1967இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். 2011இல் டேர்னர் பரிசு, 2018இல் ஹம்பேர்க் நுண்கலைக் கல்லூரியில் சிற்பத்துறைப் பதவி. யாக்கோப்சன் கதிரைத் துண்டுகளை அவர் கம்பியில் கட்டி, அமெரிக்கச் சிற்பி கால்டரின் அசையும் சிற்பங்களைப் போலத் தொங்க விட்டார்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது வேறொண்டு. இரண்டாம் உலகப்போரில் காயப்பட்ட சிப்பாய்களின் காலுக்கு இரும்புச் சட்டம் கட்டுவினமாம். கொண்டுபோகேக்கை அது அதிர்ந்து காயத்தை மோசமாக்கும். அதுக்கு மாற்றாக அமெரிக்காவின் சார்ள்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி பிளைவூட்டைக் கால் வடிவத்துக்கு வளைச்சினம். 1942இலேயே கடற்படை வாங்கத் தொடங்கிட்டுது. போருக்குப் பிறகு அதே நுட்பம் கதிரையாச்சு. காலுக்குக் கட்டின பலகையோ சேகரிப்பாளர் சுவரில் மாட்டுற அரும்பொருளாச்சு! பொய்ஸ் 1990களின் கடைசியில் அந்தப் பலகைகளை வெட்டி முகமூடிகளாக்கினார். காயத்தை மறந்து அழகை மட்டும் மாட்டி வைச்சால், அது எங்களைத் திரும்பிப் பாக்கும் எண்டு எனக்குப் பட்டது.

இது ஐரோப்பியக் கதை மட்டுமில்லை. சண்டிகரில் பியர் ஜேன்னரே அரசாங்க அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் செய்த தேக்குக் கதிரைகளைப் பழசெண்டு கழிச்சு ஏலம் போட்டினம். வெளிநாட்டு ஏலங்களில் அவை பெரும் விலைக்குப் போன பிறகுதான் கண் முழிச்சு, 2011இல் இந்திய உள்துறை அமைச்சு விற்பனைக்குத் தடை போட்டது. குமாஸ்தா இருந்த கதிரையில் இப்ப கோடீஸ்வரர்!

எல்லாருக்கும் நல்ல பொருள் எண்டு தொடங்கின கனவு இப்பிடித்தான் முடிஞ்சுது. பொய்ஸ் உடைச்சது கதிரையை மட்டுமில்லை, அதுக்கு நாங்கள் செய்யிற பூசையையும்தான் எண்டது என்ரை கட்சி. எங்கடை கலியாண வீட்டுப் பிளாஸ்டிக் கதிரை உண்மையிலேயே எல்லாருக்கும் கிடைச்சுது. அதை ஆர் பூசிக்கினம்? நீங்கள் என்ன சொல்றீங்கள்?