விண்ணிலிருந்து ஒரு விடை

1984 ஏப்ரலில், சல்யூட்-7 நிலையத்திலிருந்து ராகேஷ் சர்மா பிரதமர் இந்திரா காந்தியுடன் உரையாடினார். அப்பொழுது நான் பாகூரில் இளம் ஆசிரியன். மறுநாள் வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "நாம் கேட்டாலும் அவர் பதில் சொல்லுவாரா, ஐயா?" என்றான். சிரித்து மழுப்பிவிட்டேன்.

விடையோ அதற்கு முன்பே பிறந்திருந்தது, நேயர்களே! 1983 இறுதியில், கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற ஓவன் காரியட், சிறு கருவியொன்றைக் கொண்டு தரையிலிருந்த அமெச்சூர் வானொலியாளருடன் பேசினார். ஊதியம் கருதாது, உரிமம் பெற்று, ஆர்வம் ஒன்றாலேயே வானொலி அலைகளைப் பயில்வோர் இவர்கள். 1924-இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய வானொலிக் கழகமும் இத்தகைய ஆர்வத்தின் விளைவே.

2000 டிசம்பர் முதல், அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருப்போர் பள்ளிப் பிள்ளைகளின் வினாக்களுக்கு இவ்வழியே விடை பகர்ந்து வருகின்றனர். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் அந்நிலையம், ஓர் ஊரின் அடிவானில் எழுந்து மறையப் பத்து நிமிடமே ஆகும். அதற்குள் கேட்டு முடிக்க வேண்டும். வினாவைச் சுருங்கக் கேட்கும் பயிற்சியை எங்கள் வகுப்பறைகள் இவ்வளவு கண்டிப்பாகத் தந்ததில்லை.

2025 ஜூலையில் பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் கூடிய மாணவர்கள், சுபான்சு சுக்லாவிடம் இவ்வாறே வினவினர். வில்லியனூர்க் கோபுரத்துக்கு மேலே அந்நிலையம் செல்லும்பொழுது, பாகூர் ஏரிக்கரையும் அதன் குரல் எட்டும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பன்னிரண்டு வயது நிரம்பியோர் உரிமத் தேர்வு எழுதலாம்.

அச்சிறுவனின் மகள் இப்பொழுது பாகூரில் பயில்கிறாள். அண்மையில் அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். இம்முறை நான் மழுப்பவில்லை.