தோல் தொழிலாளரின் தொடு அழற்சியும் ஒட்டுச் சோதனையும்: வாணியம்பாடி வட்டாரத்தை முன்வைத்து

ஒவ்வாமையால் தோன்றும் தொடு அழற்சிக்குக் காரணமான பொருளைக் கண்டறிய மருத்துவம் இன்றும் நம்பியிருப்பது ஒட்டுச் சோதனையை. மருத்துவமனைகளில் இது பேட்ச் டெஸ்ட் என்றே வழங்குகிறது. பாதரச மருந்தால் அழற்சி கண்டவர்களின் சருமத்தில் அதே மருந்தை ஒட்டிப் பார்த்த யோசெஃப் யாதாசோன், 1895இல் கிராட்ஸ் நகரில் கூடிய சரும மருத்துவர் மாநாட்டில் இம்முறையை எடுத்துரைத்தார். ஐயத்துக்குரிய பொருளைச் சிறு அளவில் சருமத்தின் மேல் மூடிவைத்து, நோயைச் சிறு வட்டத்துக்குள் வரவழைத்துப் பார்ப்பதே அதன் தத்துவம். ஒவ்வாமை கொண்ட டி அணுக்கள் அவ்விடத்தில் திரள ஓரிரு நாட்கள் ஆகும். அதனால்தான் இதன் விடை உடனே கிடைப்பதில்லை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், கையில் கரப்பான் கண்ட தொழிலாளியைப் பார்த்ததும் சந்தேகம் குரோமியத்தின் மேல் விழுகிறது. சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதை உறுதிப்படுத்த மட்டும் சோதனையைப் பயன்படுத்தினால் வேறு காரணங்கள் பல தப்பிவிடும். ஒட்டப்படும் பொருட்களின் பட்டியலைத் தொழிலாளி செய்யும் வேலைதான் தீர்மானிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட இவ்வட்டாரம், 1970களில் மைய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பின் குரோம் பதனிடலுக்குப் பெரிதும் மாறியது. பதனிடும் டிரம்மில் இடப்படும் குரோமியம் சல்பேட் மூவிணைதிறன் வடிவம். அது புரதங்களோடு எளிதில் பிணைவதால் சருமத்தின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே செல்வது குறைவு. அறுவிணைதிறன் குரோமியமோ எளிதாக ஊடுருவி, உள்ளே மூவிணைதிறனாகக் குறைந்து, சருமப் புரதங்களைப் பற்றிக்கொண்டு ஒவ்வாமையைத் தூண்டுகிறது. பதனிட்ட தோலிலும் இவ்வடிவம் பிறகு உருவாகலாம். தோலுக்கு ஏற்றும் எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதல், காரத்தன்மை கூடுதல், வெப்பத்திலும் வெயிலிலும் உலர்தல் ஆகியவை அதற்கு வழிவிடும். சருமத்தில் படும் தோல் பொருட்களில் இதன் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்னும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே முதல் நடப்பில் உள்ளது. அவ்விதி அணிபவரைக் காக்க எழுந்தது. டிரம்மிலிருந்து ஈரத்தோலை அள்ளுபவரின் கையைப் பற்றி அது பேசவில்லை.

சோதனையில் குரோமியத்துக்காக ஒட்டப்படுவது பொட்டாசியம் டைகுரோமேட், வழக்கமாக வாசலினில் 0.5 விழுக்காடு. இந்த அடர்த்தியே சிலரது சருமத்தை எரிச்சலூட்டக்கூடும் என்பதால், மங்கலான சிவப்பை மட்டும் வைத்து ஒவ்வாமை என்று எழுதிவிடக் கூடாது. பொருட்களைச் சிறு அலுமினியக் கிண்ணங்களில் இட்டு மேல் முதுகில் ஒட்டுவர். இரண்டு நாட்கள் கழித்து எடுத்து, அழுத்தத்தின் தடம் அடங்கியதும் முதல் பதிவு; நான்காம் நாள் அடுத்தது. உலோகங்களுக்கு ஏழாம் நாள் பார்வையும் பயன்தரும். சிவப்பும் தடிப்பும் ஒரு கூட்டல் குறி. நுண்கொப்புளங்கள் சேர்ந்தால் இரண்டு. கொப்புளங்கள் ஒன்றுகூடினால் மூன்று.

இந்தப் பதிவுமுறை வெளிர்நிறச் சருமத்தை நினைத்து வகுக்கப்பட்டது. கருத்த முதுகில் சிவப்பு பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், சில வேளை தெரியவே தெரியாது. விரல் நுனியால் தடவித் தடிப்பை உணர்ந்து பார்ப்பது இங்கு விருப்பத்துக்கு விட்ட கூடுதல் வேலை அன்று, கட்டாயம். கோடை வியர்வையில் ஒட்டுப்பட்டை நெகிழ்ந்துவிட்டால் வரும் எதிர்மறை விடைக்கு மதிப்பில்லை. முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலும், உள்மருந்தாக ஸ்டீராய்டு கூடிய அளவில் எடுத்துவந்தாலும் அப்படியே. அத்துடன், நாட்கூலி பெறுபவர் சோதனைக்காக வாணியம்பாடியிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேலான வேலூருக்கு மூன்று முறை போய்வர வேண்டியிருந்தால், நான்காம் நாள் பதிவுதான் முதலில் கைவிடப்படும். தாமதமாக எழும் எதிர்வினைகள் அதனால் கணக்கில் வராமலே போகின்றன.

ஒவ்வாமையே இல்லாத எரிச்சல்வகை அழற்சியும் உண்டு. ஈரப்பிரிவில் அதற்கு வாய்ப்பு அதிகம். மயிர் நீக்கும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் எவருடைய கையையும் அரிக்கும். அதை ஒட்டுச் சோதனையால் நிறுவ முடியாது. அவற்றை முதுகில் ஒட்டினால் புண்தான் மிஞ்சும். இங்கு எதிர்மறை விடைக்கு ‘வேலையால் வந்ததல்ல’ என்று பொருள்கொள்வது பெரும்பிழை. அரிக்கப்பட்ட கையில் ஒவ்வாமைப் பொருட்கள் எளிதில் நுழைவதால் இருவகை அழற்சியும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் அரிதல்ல.

காக்கப் போட்ட ரப்பர் கையுறையே நோயாவதும் உண்டு. ரப்பரில் சேரும் தையூரம், மெர்காப்டோ கலவைகள், எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக ஒட்டப்படும் தரப்பட்டியலில் இருப்பதன் நோக்கம் அதுதான். ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒட்டுபவர் அன்றாடம் தொடுவது பசை. அதிலுள்ள பாரா டெர்ஷரி பியூட்டைல் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின் காலணி அணிபவரின் பாதத்தையும் தாக்கும். முகத்திலும் கழுத்திலும் மட்டும் அழற்சி கண்ட தொழிலாளிக்கு, ஆலைக்கு வரும் வழியெங்கும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் காரணமாகலாம். குரோமேட் நேர்மறையானாலும் கேள்வி முடிவதில்லை. வேலையில்லா மாதங்களில் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனவருக்கு அந்த ஒவ்வாமை சிமெண்டிலுள்ள குரோமேட்டிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

தரப்பட்டியல் இவற்றுள் பலவற்றைப் பிடிக்கும். சாயங்களையும் பூஞ்சைக்கொல்லிகளையும் பெரும்பாலும் பிடிக்காது. இவ்விடத்தில் ஐரோப்பிய அனுபவம் ஒன்று வழிகாட்டுகிறது. சீனாவிலிருந்து வந்த தோல் சோபாக்களில் அமர்ந்தவர்களுக்குக் கடும் அழற்சி பரவியபோது, பின்லாந்தின் தாபியோ ராண்டானன் சோபாவின் பொருட்களையே நோயாளிகளிடம் சோதித்து, பூஞ்சையைத் தடுக்க இட்ட டைமெத்தில் ஃபூமரேட்தான் காரணம் என 2008இல் காட்டினார். அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கொண்ட பொருட்களுக்குத் தடை விதித்தது. அப்போது தரப்பட்டியலில் இல்லாத பொருள் அது.

ஆகவே தொழிலாளியின் கையுறைத் துண்டு, தோல் துண்டு, அவர் கையாளும் சாயம் ஆகியவையும் சோதனைக்கு வர வேண்டும். கையுறையையும் தோலையும் ஈரப்படுத்தி உள்ளபடியே ஒட்டலாம். வேதிப்பொருள் என்றால் ஆலையிடம் பாதுகாப்புத் தகவல் தாளைப் பெற்று, கார அமிலத்தன்மையை அளந்து, தக்க அளவு நீர்க்கச் செய்து, நோயற்ற சிலரிடமும் ஒட்டிப் பார்த்த பிறகே முடிவு கூற வேண்டும். இன்னதென்று தெரியாத திரவத்தை மூடி ஒட்டக் கூடாது. இதற்கு ஆலையின் ஒத்துழைப்பு தேவை. கலவையின் பெயரை வணிக மறைபொருள் என்று மறுப்பதை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடக் கூடாது.

விடைத்தாளில் எழுதப்படும் சொற்களுக்குச் சட்ட எடையும் உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் தம் மூன்றாம் அட்டவணையில் குரோமியத்தால் வரும் நோய்களையும், வேதிப்பொருட்களால் வரும் பிற சரும நோய்களையும் தொழில்சார் நோய்களாக 2025 வரை ஏற்றிருந்தன. எனவே ‘டைகுரோமேட் நேர்மறை’ என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை, விடுப்பில் அழற்சி தணிந்ததா, எந்தெந்தப் பொருட்கள் சோதிக்கப்பட்டன, எவை விடுபட்டன, நான்காம் நாள் பதிவு நடந்ததா என்பவை அத்தாளில் இடம்பெற வேண்டும். எதிர்மறை விடையாயின், எரிச்சல்வகை அழற்சியை இச்சோதனை விலக்குவதில்லை என்ற குறிப்பும் சேர வேண்டும்.