பற்றவைப்பு நடைமுறைப் படிவங்கள்: தாளிலிருந்து மின்படிவம் வரை

பற்றவைப்பு நடைமுறைக் குறிப்பு என்பது ஓர் உலோக இணைப்பை எவ்வாறு செய்ய வேண்டும் என்று வெல்டருக்கு எழுத்தில் கூறும் ஆவணம் ஆகும். பட்டறைகளில் இதனை டபிள்யூபிஎஸ் என்றே அழைக்கின்றனர். எந்த உலோகம், எவ்வளவு கனம், எந்த ராடு, எத்தனை ஆம்பியர், தொடங்கும் முன் எவ்வளவு சூடேற்ற வேண்டும் என்பன போன்ற விவரங்கள் இதில் கட்டம் கட்டமாக இடம்பெறும். ஒரு காலத்தில் அச்சகத்தில் அடித்த தாளாக இருந்த இப்படிவம், இன்று கணினியில் நிரப்பும் மின்படிவமாகிவிட்டது. அந்த மாற்றத்தில் எது எளிதானது, எது ஆபத்தானது என்பதைப் புரிந்துகொள்ள, இப்படிவம் ஏன் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொதிகலனும் சட்டமும்

கண்ணமங்கலத்திலிருந்து ஆரணி, களம்பூர் பக்கம் சென்றால் பட்டுத் தறிகளுக்கு அடுத்தபடியாக நாம் காண்பது அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள். நெல் அவிக்க அங்கே நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர் வேண்டும். அழுத்தத்தில் அடைபட்ட நீராவி, கலத்தின் ஓர் இணைப்பு பிளந்தால் கட்டடத்தையே பெயர்த்துவிடும். இதை உலகம் பட்டுத்தான் கற்றது.

இந்தியாவில் 1863ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிகழ்ந்த கொதிகலன் வெடிப்பில் பலர் இறந்தனர். அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுச் சட்டம் வந்தது. பிற மாகாணங்களும் தத்தம் சட்டங்களை இயற்றின. ஒரு மாகாணத்தில் செல்லுபடியாகும் விதி இன்னொன்றில் செல்லாது என்ற குழப்பம் நீடித்து, 1923இல் இந்தியக் கொதிகலன் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவாக வந்தது. அதன் கீழான இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள் 1950ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. வெல்டர்களுக்கான தகுதித் தேர்வுக்கு அவற்றில் தனி அத்தியாயமே உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது.

அமெரிக்காவில் திருப்புமுனை 1905 மார்ச் 20. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் குரோவர் காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். 1907இல் அம்மாநிலம் கொதிகலன் சட்டம் இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம், அதாவது ஏஎஸ்எம்இ, தன் கொதிகலன் விதித்தொகுப்பின் முதற்பதிப்பை 1914ஆம் ஆண்டுப் பதிப்பாகக் கொண்டுவந்தது. அக்காலத்துக் கொதிகலன்கள் ரிவிட் அடித்தவை. பற்றவைப்பை நம்பி நீராவியை ஒப்படைக்க எவரும் எளிதில் துணியவில்லை.

காரணம் வெளிப்படை. ரிவிட் சரியாக இறங்கியதா என்பதைத் தட்டிப் பார்த்து ஓரளவு சொல்லலாம். பற்றவைத்த இணைப்பு மேலே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே விரிசல் ஒளிந்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் அவசரமாகக் கட்டப்பட்ட பற்றவைப்புக் கப்பல்களில் சில கடுங்குளிரில் பிளந்தன. 1943 ஜனவரியில் 'ஸ்கெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல், துறைமுகத்தில் அசையாமல் நின்ற நிலையிலேயே ஏறத்தாழ இரண்டாக முறிந்தது. எஃகின் தரமும் பற்றவைப்பின் குறைகளும் சேர்ந்து செய்த வேலை அது. பார்வையை நம்ப முடியாத இடத்தில் சோதனையையும், சோதனையை எழுதிவைத்த தாளையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மூன்று தாள்கள்

ஏஎஸ்எம்இ விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவு பற்றவைப்புத் தகுதிக்கென அமைந்தது. அதன் பின்னிணைப்பில் மூன்று மாதிரிப் படிவங்கள் உள்ளன. கியூடபிள்யூ-482 நடைமுறைக் குறிப்புக்கு, கியூடபிள்யூ-483 சோதனைப் பதிவுக்கு, கியூடபிள்யூ-484 வெல்டரின் தகுதிக்கு. இதே வடிவில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்கப்படும் விவரங்கள் இருந்தால் போதும். ஆயினும் உலகெங்கும் பெரும்பாலான பட்டறைகளின் படிவங்கள் இவற்றின் சாயலிலேயே இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணயத்திலும் நடைமுறைச் சோதனைக்கு ஐஎஸ் 7307, வெல்டர் சோதனைக்கு ஐஎஸ் 7310 என இரு தனித் தரங்கள் உண்டு.

இம்மூன்றில் நடுவில் நிற்கும் சோதனைப் பதிவே, அதாவது பிக்யூஆரே, மற்றவற்றுக்கு அடித்தளம். ஒரு தகட்டை உண்மையாகவே பற்றவைத்து, அப்போது ஓடிய ஆம்பியரையும் வோல்ட்டையும் குறித்து, பிறகு அதை அறுத்துத் துண்டுகளாக்குவார்கள். வழக்கமாக இரண்டு துண்டுகளை இழுத்துப் பார்ப்பார்கள். நான்கு துண்டுகளை வளைத்துப் பார்ப்பார்கள். வளைத்த பரப்பில் 3 மி.மீ.க்கு மேல் பிளவு திறந்தால் பொதுவாகத் தோல்விதான். வந்த எண்கள் எவையோ அவையே பதிவில் ஏற வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். பாடக்குறிப்பை நாம் ஆண்டுதோறும் மாற்றி எழுதலாம். மாணவருக்கு ஏற்றாற்போல் வாரந்தோறும்கூட மாற்றலாம். மதிப்பெண் பதிவேடு அப்படியன்று. அங்கே ஓர் எண்ணைத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுத் தேதியும் போட வேண்டும். டபிள்யூபிஎஸ் பாடக்குறிப்பு, பிக்யூஆர் மதிப்பெண் பதிவேடு. ஒன்பதாம் பிரிவும் இதையே விதியாக்கியுள்ளது. டபிள்யூபிஎஸ்ஸில் முக்கியமல்லாத மாறிகளை மாற்றித் திருத்தப் பதிப்பு வெளியிடலாம். மறு சோதனை தேவையில்லை. முக்கிய மாறி மாறினால் புதிய சோதனை வேண்டும். பிக்யூஆரிலோ எழுத்துப்பிழை போன்ற திருத்தமும் பின்சேர்க்கையும் தவிர வேறு மாற்றம் கூடாது. அவற்றுக்கும் மறுபடி தேதியிட்டு உறுதிச் சான்று தர வேண்டும்.

திருச்சியும் அதன் சுற்றுப்பட்டறைகளும்

தமிழ்நாட்டில் இத்தாள்கள் பெருமளவில் புழங்கத் தொடங்கியது திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்த பிறகு என்று சொல்லலாம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்புடன் அமைந்த அவ்வாலையில் 1965இல் உற்பத்தி தொடங்கியது. ஓர் அனல்மின் கொதிகலனில் ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் எந்தக் குறிப்பின்படி, எந்த வெல்டரால் செய்யப்பட்டது என்று சொல்லத் தெரிய வேண்டும். 1975இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. எங்கள் பகுதிக்கு அருகில், ராணிப்பேட்டையில், அதே நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை பின்னர் வந்தது.

பெரிய ஆலையில் தாள் வேலைக்குத் தனிப் பிரிவு இருக்கும். துவாக்குடி போன்ற இடங்களில் அதற்கு உதிரி வேலை செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளின் நிலை வேறு. தகடு வாங்கி, பற்றவைத்து, மாதிரித் துண்டு கடைந்து, ஆய்வகக் கட்டணம் கட்டி ஒரு பிக்யூஆர் எடுப்பது அவர்களுக்குச் செலவான காரியம். ஆகவே அடுத்தவர் பதிவை வாங்கி, மேலே பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. விதி இதை ஏற்பதில்லை. தகுதிச் சோதனை அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பில் நடக்க வேண்டும். தட்டச்சும் கார்பன் தாளும் இருந்த காலத்தில் பெயரைச் சுரண்டி மாற்றினால் தாளே காட்டிக்கொடுத்துவிடும். கணினி அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை.

கணினிக்கு வந்த படிவம்

முதலில் வந்தது எக்செல். கட்டங்கள் ஏற்கெனவே இருந்ததால் அச்சுப் படிவத்தை அப்படியே வரைந்துகொண்டார்கள். இன்றும் பல பட்டறைகளில் அதுவே ஓடுகிறது. பிடிஎஃப் கோப்பு வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 1996இல் வந்த 1.2 பதிப்பில் நிரப்பத்தக்க கட்டங்கள் சேர்ந்தன. 2008இல் பிடிஎஃப் பன்னாட்டுத் தரமானது. இந்தியாவில் பலரும் இத்தகைய மின்படிவத்தை முதலில் சந்தித்தது வெல்டிங்கில் அன்று. நிறுவன விவகார அமைச்சகம் 2006இல் தொடங்கிய எம்சிஏ21 திட்டத்தின் படிவங்கள் வழியாகத்தான் கணக்கர்கள் இவற்றோடு மல்லுக்கட்டினார்கள்.

அடோபியே 2003 வாக்கில் எக்ஸ்எஃப்ஏ என்ற வேறொரு படிவ முறையையும் பிடிஎஃப்பினுள் கொண்டுவந்தது. பார்வைக்கு அழகு, ஆனால் பல உலாவிகளிலோ கைப்பேசிகளிலோ திறந்தால் 'காத்திருக்கவும்' என்ற வரி மட்டும் தெரியும். 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரம் இம்முறையைக் கைவிட்டது. புதிதாகப் படிவம் செய்வோர் பழைய, எளிய முறையையே கொள்வது நல்லது.

மின்படிவம் தாளைவிட உண்மையிலேயே உயர்ந்து நிற்கும் இடம் கணக்கு. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, 60ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்ந்தது என்பதால் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு எத்தனை ஜூல் வெப்பம் இறங்கியது என்பது கிடைக்கும். 24 வோல்ட், 120 ஆம்பியர், 150 மி.மீ. என்றால் 1152 ஜூல், அதாவது 1.15 கிலோஜூல். இதைக் கட்டமே கணக்கிட்டுக் காட்டலாம். அதுபோலவே, சோதனைத் தகட்டை 120 டிகிரிக்குச் சூடேற்றியிருந்தால், குறிப்பில் முன்சூடு அதிலிருந்து 55 டிகிரிக்கு மேல் குறையக் கூடாது என்பது பல முறைகளுக்குப் பொதுவான விதி. ஒருவர் 65க்குக் கீழே எண் இட்டால் படிவம் மறுக்கும்படி செய்யலாம். ஜக்கார்டு அட்டையில் துளை இல்லாத இடத்தில் இழை எழாதல்லவா, அதுபோல.

திருத்துவதில்தான் கவனம் வேண்டும். மின்படிவம் செய்பவர் மூன்று தாள்களுக்கும் ஒரே மாதிரியான திறந்த கட்டங்களை வைத்துவிடுகிறார். டபிள்யூபிஎஸ்ஸுக்கு அது பொருந்தும். அங்கே திருத்த எண், தேதி, எந்த பிக்யூஆரை ஆதாரமாகக் கொண்டது என்ற கட்டங்கள் காலியாக விடப்படாமல் இருந்தால் போதும். பிக்யூஆரில் ஆய்வக எண்கள் ஏறியதும் கட்டங்கள் பூட்டப்பட வேண்டும். வெறும் கடவுச்சொல் பூட்டு அவ்வளவு வலுவானதன்று. மின்னொப்பம் இட்ட கோப்பில் பிறகு எதை மாற்றினாலும் அது தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வொப்பத்துக்கு இங்கே சட்ட மதிப்பும் தருகிறது. கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுவது தனித் தொல்லை. மூன்றாம் திருத்தம் அலுவலகத்தில் இருக்க, முதல் திருத்தத்தின் படம் வெல்டரின் கைப்பேசியில் இருக்கும்.

வெல்டரின் தகுதித் தாளோ அவருடைய சோற்றுக்கான தாள். சாய்த்து நிறுத்திய குழாயில் 6ஜி நிலைத் தேர்வில் வென்றவருக்கு வளைகுடாவரை வேலை உண்டு. ஆனால் ஒரு பற்றவைப்பு முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யாதிருந்தால் அம்முறைக்கான தகுதி காலாவதியாகும். எனவே ஆறு மாதத்துக்குள் அவர் செய்த வேலையை யாரேனும் பதிந்து ஒப்பமிட வேண்டும். தேதியைப் பார்த்து முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு கட்டத்தை மின்படிவத்தில் வைப்பது சிறிய வேலைதான். மறந்துபோனால் அவர் மீண்டும் தேர்வு எழுத, அல்ல, பற்றவைக்க வேண்டியிருக்கும்.

இப்படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. கட்டத்தின் தலைப்புகளைத் தமிழில் வைப்பதில் தடையேதும் இல்லை. 'முன்சூடு', 'ராடு அளவு' என்று எழுதினால் பெரும்பாலான மென்பொருள்களில் சரியாகத் தெரியும். கட்டத்துக்குள் தமிழில் தட்டச்சு செய்யும்போதுதான் சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம்மாறி எழுத்து உடைகிறது. எனவே தலைப்பு தமிழிலும், நிரப்புவது எண்ணாகவோ பட்டியலிலிருந்து தேர்வாகவோ இருக்கும்படி அமைத்தால், இன்றுள்ள மென்பொருளிலேயே வெல்டர் தானே படித்துக்கொள்ளும் குறிப்பைத் தந்துவிடலாம்.