களிமண்ணைக் கற்ற அம்மையார்

காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டு சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, குடாநாட்டுச் சுண்ணக்கல் மட்டும் அதற்குப் போதவில்லை. முருங்கனிலிருந்து களிமண்ணும் வரவேண்டியிருந்தது. மாரியில் நீரை உண்டு பருத்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணோ அவ்வாறு வெடிப்பதில்லை. மண்ணுக்கு மண் இவ்வேறுபாடு ஏன்? இத்தகைய வினாவைத் தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டவர், வங்கநாட்டுப் பூர்ணிமா சின்ஹா அம்மையார்.

அவர் 1927ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் நரேஷ் சந்திர சென்குப்தா, சட்ட அறிஞர்; எழுத்தாளருமாவார். பெண்மக்களின் கல்விக்குத் தடை சொல்லாத இல்லம் அது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சத்தியேந்திரநாத் போஸ் அவர்களின் வழிகாட்டலில் அம்மையார் ஆராய்ச்சியில் இறங்கினார்.

களிமண், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகள் அடுக்கப்பட்ட சுவடி போன்றது. சிலவகை மண்ணில் அவ்வேடுகளினிடையே நீர் புகும்; ஏடுகள் விலகும்; மண் பருக்கும். வேறுசில வகைகளில் ஏடுகள் இறுகப் பிணைந்திருத்தலால் நீர் உட்புகாது. இந்த இடைவெளியை அளக்கவல்லது எக்ஸ் கதிர். ஆயின் அதற்குரிய கருவி விலைகொடுத்து வாங்கத்தக்கதாக அன்று இல்லை. இரண்டாம் உலகப் போரின்பின் கல்கத்தாத் தெருக்களில் விற்கப்பட்ட பழைய இராணுவத் தளவாடங்களிலிருந்து பாகங்களைத் தேடியெடுத்து, அம்மையாரும் உடனாய்வாளரும் கருவியைத் தாமே அமைத்தனர். அதனைக் கொண்டு இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த ஐம்பதுக்கு மேற்பட்ட களிமண் வகைகளை அவர் ஆராய்ந்தார். 1956ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில், உயிரின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியில் களிமண்ணின் அமைப்பை ஒப்புநோக்கினார். தாயகம் மீண்டு, கல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி மட்பாண்ட ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். இசையும் பயின்ற அவர், இந்திய இசையாய்வு பற்றி 1970இல் நூலொன்றும் வெளியிட்டார். 2015ஆம் ஆண்டு மறைந்தார்.

காங்கேசன்துறை ஆலை 1990ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. முருங்கன் மண் இன்றும் கோடைதோறும் வெடிக்கின்றது. வயல்வரம்பில் நின்று அவ்வெடிப்பைக் காணும் சிறுமி “ஏன்?” என்று கேட்பாளாயின், அவ்வினாவை அடக்காது விடுதல் பெற்றோர் கடன். கருவி இல்லை என்பதும், பெண் என்பதும் அறிவுக்கு அணையாகா என்பதை அம்மையாரின் வாழ்வு காட்டி நிற்கின்றது.