பாபிலோனில் விழுந்த நிழல்

கி.மு. 136, ஏப்ரல் 15. பாபிலோனில் பொழுது விடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், சூரியனைக் கிரகணம் பிடிக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முழு இருட்டு. வெள்ளியும் புதனும் தெரிந்தன. அந்த நாட்களில் சூரிய வெளிச்சத்தில் மறைந்துகிடந்த வியாழனும் செவ்வாயும்கூட வெளியே வந்தன. யாரோ ஒருவர் இதையெல்லாம் ஈரக் களிமண்ணில் குறித்துவைத்தார். அந்தக் களிமண் பலகைகள் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

சிக்கல் இனிமேல்தான். பூமி எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றியது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அன்றைய முழுநிழல் பாபிலோன் பக்கமே வராது. மேற்கே சுமார் 49 பாகை தள்ளிப் போய் விழும்.

காரணம், பூமி தளர்ந்துகொண்டே வருகிறது. நூறு வருஷத்துக்கு ஒருநாளின் நீளம் சுமார் 1.7 மில்லிசெகண்ட் கூடுகிறது. கேட்டால் சிரிப்புதான் வரும். கண் சிமிட்டவே இதைப்போலப் பல மடங்கு நேரமாகும். இதுவா ஒரு நிழலை அவ்வளவு தூரம் தள்ளியது?

பிளஸ் ஒன்னில் நாம் உருப்போட்டதுதான்: தீட்டா என்பது ஒமேகா டீ கூட்டல் பாதி ஆல்ஃபா டீ ஸ்கொயர். மின்விசிறி, ராட்டினம் என்று எத்தனையோ கணக்குப் போட்டேன். அந்த 'பாதி' எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்காரர்கள் கண்டுபிடித்தது அது. வேகம் சீராக மாறினால், முதல் வேகத்துக்கும் கடைசி வேகத்துக்கும் சராசரி எடுத்தாலே போதும். பாரிஸில் நிக்கோல் ஓரெம் அதைப் படமாகவே வரைந்து காட்டினார்.

போட்டுப் பார்ப்போம். நம் 86,400 செகண்ட் நாள் ஏறக்குறைய 1820 வாக்கில் இருந்த நாள். அதிலிருந்து பாபிலோன் காலைக்கு 1955 வருஷம். அன்றைய நாள் 33 மில்லிசெகண்ட் சிறியது. சராசரியாகப் பார்த்தால் 16.6. இடையில் கழிந்தவை சுமார் 7,14,000 நாட்கள். பெருக்கினால் 11,850 செகண்ட், அதாவது மூன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மணிக்கு 15 பாகை வீதம் 49 பாகை. அவ்ளோதான்! 'பாதி'யை மறந்திருந்தால் நிழல் இதைப்போல இரண்டு மடங்கு தூரம் போயிருக்கும்.

இந்த இடத்துக்கு வந்துசேரத்தான் ரொம்ப நாளானது. பழைய கிரகணங்களைப் பார்த்துவிட்டு, நிலாவின் வேகம் கூடுகிறது என்று 1695இல் சந்தேகப்பட்டார் ஹாலி. 1787இல் லாப்லாஸ் அதை ஈர்ப்புவிசையாலேயே விளக்கினார். கதை முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். 1853இல் ஆடம்ஸ் அதே கணக்கைத் திரும்பப் போட்டு, அது ஏறக்குறைய பாதிக்குத்தான் காணும் என்றார். பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் 1865இல் தெலோனே சொன்னார்: மீதிக்குக் காரணம் நிலா இல்லை, பூமி. கடல் ஏறி இறங்கும் உராய்வில் அது தளர்கிறது. கடிகாரமே மெதுவாக ஓடும்போது, அதை வைத்து அளந்த நிலா வேகமாகத் தெரியாமல் என்ன செய்யும்?

அந்த 1.7உம் சுத்தமான எண் இல்லை. கடல் மட்டும் இழுத்தால் 2.3 வரவேண்டும். பனியுகத்துப் பனி உருகி, அதன் பாரத்தில் அமுங்கிக் கிடந்த வடக்கு நிலங்கள் இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கின்றன. அது கொஞ்சம் வேகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.