கல்லும் கைத்திறனும்

வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்பது நம் முதுமொழி. உவமையாக வழங்கும் இச்சொல் ஒரு தொழிலின் உண்மையுமாகும். வைரப்பொடியை எண்ணெயில் குழைத்துச் சுழலும் சக்கரத்தில் பூசி, அதன்மேல் கல்லை அழுத்தியே பட்டை தீட்டுவர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசில் நாட்டு வைரங்கள் வெளிப்படும் வரை, உலகுக்கு வைரம் வழங்கியது பெரும்பாலும் நம் பாரதமே. கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கம் பேர்பெற்றது. மதுரைக் கடைவீதியை வருணிக்குமிடத்துச் சிலப்பதிகாரம், காகபாதம் முதலாய நான்கு வைரக் குற்றங்களை எண்ணுகிறது. கல்லை மட்டுமன்று, அதனை மதிப்பிடும் கலையையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நாம் வாழும் தில்லி மாநகருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1665-இல் ஔரங்கசீப்பின் அரண்மனையில் முகலாயப் பெருவைரத்தைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தாவர்னியே, ஒரு செய்தியை எழுதி வைத்தார். அக்கல்லைச் செம்மையாகத் தீட்டாத வெனிஸ் நகரத்து ஹோர்டென்ஸியோ போர்ஜியோவுக்குக் கூலி கிட்டவில்லை. பத்தாயிரம் ரூபாய் அபராதமே கிட்டிற்றாம்!

1739-இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடியபோது கோஹினூர் நம்மைப் பிரிந்தது. பல கைகள் மாறி, 1849-இல் பஞ்சாபின் வீழ்ச்சியோடு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1852-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கோஸ்டர் நிறுவனத் தொழிலாளர் லண்டனுக்கு வந்து, நீராவி யந்திரத்தின் துணையால் 38 நாட்களில் அதனை மறுபடி தீட்டினர். பழைய நிறுவையில் சுமார் 186 காரட்டாக இருந்த கல் 105.6 காரட்டாகக் குறுகிற்று. எடையைக் காப்பது நம் மரபு; ஒளியைக் கூட்டுவது அவர் மரபு.

அந்தக் கோஸ்டர் நிறுவனத்தின் முயற்சியால் 2007-இல் ஆம்ஸ்டர்டாமில் வைர அருங்காட்சியகம் ஒன்று எழுந்தது. வைரம் பூமியில் உருவாகும் விதமும் பட்டை தீட்டும் தொழிலின் வரலாறும் அங்கு விளக்கப்பெற்றன. வைரம் விளையாத நாடு தன் கைத்திறனுக்கு மண்டபம் எடுத்தது!

நம் நாட்டிலோ, ஹைதராபாத் நிஜாமின் 173 நகைகளை மத்திய அரசு 1995-இல் 218 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. லக்ஷ்மிபாய் நகரில் வாழும் நமக்குத் தொலைவல்லாத ஜன்பத் சாலைத் தேசிய அருங்காட்சியகத்தில் அவை 2001, 2007, 2019 ஆகிய ஆண்டுகளில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அவற்றுள் தலையாயது 184.75 காரட் எடையுள்ள ஜேகப் வைரம். நிஜாம் அதனைக் காகிதத்தின் மேற் பாரமாக வைத்திருந்தார் என்பர். அவ்வைரமும் ஆம்ஸ்டர்டாமில் தீட்டப்பெற்றதே என்பது சிந்திக்கத்தக்கது.

இன்று உலக வைரங்களுள் பெரும்பகுதி சூரத் நகரில் தீட்டப்படுகிறது. திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டி வாழ்ந்த குடும்பங்கள் அநேகம். போர்ஜியோவின் பெயர் நிலைத்தது. குனிந்த தலை நிமிராது சக்கரத்தின் முன் அமர்ந்த நம்மவர் பெயரை யார் அறிவர்?

கோஹினூர் திரும்புமா என்பது அரசுகள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அத்தொழிலாளரின் கருவிகளையும் சொற்களையும் அனுபவங்களையும் திரட்டிக் காப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. போன கல்லுக்கு இரங்கும் நாம், இருக்கும் கைத்திறனையும் இழந்துவிடலாகாது.