காசின் தேய்வும் தரமும்

திருவீழிமிழலையில் பஞ்சம் நிலவிய காலத்துச் சம்பந்தரும் அப்பரும் இறைவனிடம் நாள்தோறும் ஒவ்வொரு காசு பெற்று அடியாரை உண்பித்தனர் என்பது சேக்கிழார் பெரியபுராணத்துள் கூறும் வரலாறு. அப்பர் பெற்ற காசு தடையின்றி மாறியது. சம்பந்தர் பெற்ற காசு வாசிபட்டமையின் பண்டங்கள் காலந்தாழ்த்தே கிடைத்தன. தொண்டின் திறத்தை விளக்க வந்த இந்நிகழ்ச்சியுள் நாணய வரலாற்றுக்கு உரிய செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. ஒரே ஊரில், ஒரே நாளில் பெற்ற இரு காசுகள் கடைத்தெருவில் ஒரே மதிப்பின அல்ல. மாற்றுங்கால் நேரும் அக்குறைவையே 'வாசி' என்றனர்.

காசின் தரம் காண்டல் நம் நாட்டில் தொன்மையான தொழில். சங்கப் புலவர் சிலர் வண்ணக்கன் என்னும் அடையொடு வழங்கப்பெறுகின்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனாரும் புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழானும் அவருள் இருவர். வண்ணக்கன் என்பது நாணயம் நோட்டம் பார்ப்பவனைக் குறிக்கும் என்பர். பிற்காலக் கல்வெட்டுக்கள் 'அன்றாடு நற்காசு' என்றும், 'வாசிபடா' என்றும் அடைகொடுத்து வழங்குதலைக் காண்கின்றோம். கொடுப்போரும் கொள்வோரும் காசின் எண்ணிக்கையை மட்டுமன்றி அதன் நிலைமையையும் எழுதிவைத்தனர் என்பது இவற்றால் பெறப்படும்.

இக்காலத்து நாணயம் சேகரிப்போர் கொள்ளும் தரம் இதனின் வேறானது. வில்லியம் ஷெல்டன் என்பார் 1949-இல் அமெரிக்காவின் பழைய செப்புச் சென்ட்டுகளுக்கென 1 முதல் 70 வரை எண்களால் ஓர் அளவு வகுத்தார். உருத்தெரியாது தேய்ந்தது 1. சிறிதும் பழுதற்றது 70. பின்னர் அஃது ஏனை நாணயங்களுக்கும் பரவிற்று. வண்ணக்கன் பொன்னின் மாற்றையும் நிறையையும் நோக்கினான். சேகரிப்போன் தோற்றத்தையே முதன்மையாக நோக்குகின்றான். அவன் அளவையில் தேய்வு ஒரு குற்றம். வரலாற்று மாணவனுக்கோ தேய்வே ஒரு சான்று என்பது நம் கருத்து.

தேய்வை அறியுமாறு யாது? காசில் மிக உயர்ந்து நிற்கும் இடங்களே முதலில் தேயும். தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும் தைபீரியஸ் காசினை எடுத்துக்கொள்வோம். அதன் முன்புறத்தில் காதின் மேலுள்ள மயிரும், வாகை மாலையின் இலைகளும், கன்னமும் முதலில் மழுங்கும். பின்புறத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுருவின் முழந்தாளும் மார்பும் மழுங்கும். ஆனால் மழுங்கியன யாவும் தேய்ந்தன அல்ல. கையால் அடித்த காசில் அச்சு நன்கு பதியாமையும் உண்டு. அவ்வாறாயின் மழுங்கிய இடத்திலும் உலோகத்தின் முதல் மேற்பரப்பு எஞ்சியிருக்கும். பெரும்பாலும் அதற்கு நேரான மறுபுறமும் பதிவு குன்றியிருக்கும். தேய்வோ மேடுகளை வழவழப்பாக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாதார் கூறும் தரம் ஏற்கத்தக்கதன்று.

இவ்வேறுபாடு நிறையை ஆராய்வார்க்கு இன்றியமையாதது. அகஸ்டஸ் காலத்து உரோமப் பொற்காசு ஏறத்தாழ 7.8 கிராம் நிறையுடையது. நீரோ மன்னன் கி.பி. 64-இல் ஓர் உரோமப் பவுண்டுப் பொன்னுக்கு 45 காசு என வகுத்தமையின் நிறை 7.3 கிராம் அளவிற்குக் குறைந்தது. குறைந்த நிறையுள்ள காசு ஒன்று நம் கைக்குக் கிடைப்பின், அக்குறை அக்கசாலையில் நேர்ந்ததா, கைகளில் நேர்ந்ததா என்று வினவுதல் வேண்டும். தேயாத காசு நிறை குறைந்திருப்பின் அஃது அரசன் செயல். தேய்ந்த காசு குறைந்திருப்பின் அதிற் பெரும்பங்கு வாணிகத்தின் செயலாகலாம். நிலைமையைக் குறியாது நிறையை மட்டும் குறித்த பட்டியல் இவ்வினாவிற்கு விடை தாராது.

1898-இல் புதுக்கோட்டைச் சீமையைச் சார்ந்த கருக்காகுறிச்சியில் கிடைத்த புதையலை ஈண்டு நினைத்தல் தகும். அதில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பிற்பட்டவை வெஸ்பாசியன் (கி.பி. 69–79) காலத்தன. பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்டவற்றில் மன்னன் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய வடு உள்ளது. இக்காலச் சேகரிப்போர் அளவையில் இவை எண் பெறாது, பழுதுபட்டன என ஒதுக்கப்படும். ஆயினும் தமிழக வாணிக வரலாற்றிற்கு இவ்வடுவினும் சிறந்த சான்று அரிது. தேய்ந்தவற்றை வழக்கினின்று நீக்கவே வெட்டினர் என்று ஜி. எஃப். ஹில் கருதினார். உட்பொன்னைச் சோதிக்க வெட்டினர் எனக் கொள்வாரும் உளர். சோதனையே கருத்தாயின் விளிம்பில் ஒரு கீறல் அமையும். தலைக்குக் குறுக்கே வெட்டுதல் காசின் ஆணையை நீக்குதல் போலத் தோன்றுகின்றது. ஹில் கூறியதே பொருந்துமாயின், அவ்வுளிக்கு முன்னே தேய்வு நோக்கித் தரம் பிரித்த கண் ஒன்று இருந்திருத்தல் வேண்டும். இதனைத் துணிதற்கு வழி ஒன்றே: ஒவ்வொரு காசின் தேய்வையும் வடுவையும் தனித்தனியே குறித்து ஒப்பிடுதல்.

இங்ஙனம் பயன்படும் சான்று நம் காலத்திலேயே அழிகின்றது. விலை உயரும் என்னும் வேட்கையால் காசினைப் புளியிட்டும் அமிலமிட்டும் தேய்த்து ஒளியேற்றுவார் பலர். ஆற்றுப்படுகையிற் கிடைக்கும் சங்ககாலச் செப்புக் காசுகளில் பசுங்களிம்போடு எழுத்தும் போய்விடுதல் உண்டு. 'பெருவழுதி' என்னும் பெயர் பொறித்த சிறு செப்புக் காசு பாண்டியர் வரலாற்றுக்குத் தந்த ஒளியை எண்ணின், அவ்வாறு தேய்த்தழித்த காசுகளில் எத்துணைப் பெயர்கள் மறைந்தனவோ என்னும் கவலை எழுகின்றது. உலோகம் குறைந்த குறையை நிறைகோல் காட்டும்; எழுத்துப் போன குறையைக் காட்டுவது ஒன்றுமில்லை.

ஆதலின் காசு கிடைத்த இடம், நிறை, தேய்வு, வடு ஆகியவற்றைத் தூய்மை செய்யுமுன் எழுதிவைத்தல் ஆராய்வார் கடமையாகும். நல்ல காசு யாது என்பது அதனை எவர் ஏந்துகின்றனர் என்பதைப் பொறுத்தது. சேகரிப்போர் கைக்குக் கைபடாதது நன்று; வரலாற்றுக்குப் பல கை பட்டதும் நன்றே.